30,000 ரூபாயில் சிஎன்சி ரவுட்டர்: எதில் தாராளம், எதில் சிக்கனம்?

எந்தத் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்தாலும் இப்போது 'சிஎன்சி கட்டிங்' பேச்சுதான். கணினி சொல்லும் பாதையில், சுழலும் வெட்டுமுனையை (பிட்) நகர்த்திப் பலகையைச் செதுக்கும் இயந்திரம்தான் சிஎன்சி ரவுட்டர். பூஜை அறைக் கதவில் மணியும் தாமரையும், மாடிப்படி ஓரத்தில் ஜாலி, மல்டிவுட் என்ற பிவிசி பலகையில் வீட்டுப் பெயர். எட்டுக்கு நாலடிப் பலகையை முழுசாகப் படுக்கவைத்து வெட்டும் அந்த இயந்திரங்களின் விலை லட்சங்களில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து, 'இதையே சின்னதாக நாமே செய்தால் என்ன' என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கணக்குப் போட்டவன். இதுவரை இரண்டு இயந்திரங்கள் கட்டியிருக்கிறேன். ஒன்றைப் பிரித்துவிட்டேன், மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்ஜெட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்ட வேண்டியது மரம், பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை), மல்டிவுட், எப்போதாவது அக்ரிலிக். கீழே வரும் விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ரூபாயை விட்டுவிட்டு, எதற்கு எத்தனை பங்கு போகிறது என்பதைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது ஒரு கதவா, ஒரு பெயர்ப்பலகையா? அப்படியானால் இயந்திரம் கட்டாதீர்கள். வரைபடத்தைக் கணினியில் நீங்களே வரைந்து எடுத்துப்போய் ஜாப் ஒர்க் செய்யும் கடையில் கொடுத்தால் அன்றே வெட்டித் தந்துவிடுவார்கள். சொந்த இயந்திரம் என்பது மாதக்கணக்கில் வெட்டப்போகிறவருக்கு, அல்லது கட்டுவதிலேயே மனசு இருப்பவருக்கு. இரண்டாவது வகை என்றால் அதைத் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுவது போதுமான காரணம்.

இனி, எந்தத் தெரிவையும் நான் அளப்பது ஒரே கோலால். பின்னால் கழற்றி மாட்ட முடிந்தது எது, முடியாதது எது? மோட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். மோட்டார்களுக்குக் கட்டளை தரும் கன்ட்ரோலரை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நான்கு போல்ட்டில். ஆனால் சட்டம் வளைந்தால், நகரும் பாகங்கள் ஓடும் ரெயில் உட்காரும் முகம் கோணலானால், இயந்திரத்தையே மறுபடி கட்ட வேண்டும். கடையில் பேசும்போதும் சரி, காணொளிகளிலும் சரி, பேச்சு முழுக்க மோட்டார் எத்தனை கிலோ, ஸ்பிண்டில் எத்தனை வாட் என்றே போகிறது. சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் முதல் இயந்திரம் கெட்டது அங்கேதான்.

அது 18 மி.மீ. எம்டிஎஃப் சட்டம், ரெயிலாக 12 மி.மீ. கம்பிகள், சுழன்று அச்சை நகர்த்தும் ஸ்க்ரூவாக எம்8 திரெட் ராட். மொத்தமே 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் மாதம் பென்சில் வைத்துப் படம் வரைந்தபோது அழகாகத்தான் வரைந்தது. பிட்டை மாட்டி வேப்பம்பலகையில் இறக்கியதும் கதையே மாறிவிட்டது. 'ழ' எழுத்தின் சுழி வட்டமாக வராமல் நசுங்கிய முட்டை போல வந்தது. ஐப்பசி மழையில் எம்டிஎஃப் ஈரம் குடித்து ஓரங்களில் ஊதியது. கம்பிகளின் இணை போய், ஸ்பிண்டிலைச் சுமந்து பாலம் போல நிற்கும் கேன்ட்ரி நடுவழியில் இறுகி நின்றது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு முனைகளில் மட்டும் பிடிமானம், நடுவே 600 மி.மீ. இடைவெளி, 12 மி.மீ. எஃகுக் கம்பி. நடுவில் 5 கிலோ பாரம் வைத்தால் அது ஏறக்குறைய 1 மி.மீ. தொய்யும். 16 மி.மீ. கம்பியானால் 0.35 மி.மீ. அதே நீளத்துக்கு 50×50 அளவில் 3 மி.மீ. கனமுள்ள இரும்புச் சதுரக் குழாயை வைத்தால் தொய்வு 0.005 மி.மீ.தான். கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்கு. அந்த 600 மி.மீ. குழாயின் எடை சுமார் 2.7 கிலோ. கிலோ 80 ரூபாய் என்றாலும் 220 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பளபளவென்று தேய்த்த துல்லியக் கம்பிக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். பட்ஜெட் குறைவென்றால் இயந்திரத்தைச் சிறிதாக்க வேண்டும், சட்டத்தை மெலிதாக்கக் கூடாது. நாலடி அகலக் கனவை 400 மி.மீ.க்குச் சுருக்குங்கள். நீளமான பலகையைப் பகுதி பகுதியாக நகர்த்தி வெட்டிக்கொள்ளலாம். தொய்யும் கேன்ட்ரிக்கு அப்படி ஒரு மாற்றுவழி இல்லை.

ஐந்து வழிகள்

கிட்டாக வாங்குவது முதல் வழி. 3018 என்ற பெயரில் வரும் சிறிய இயந்திரம் எல்லோருக்கும் தெரியும். 30 செ.மீ., 18 செ.மீ. என்ற வேலைப்பரப்பிலிருந்து வந்த பெயர் அது. 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்து ஒரே நாளில் ஓட்டிவிடலாம். மென்பொருள், ஜி-கோடு என்ற இயந்திரக் கட்டளைமொழி, பிட் வகைகள், பலகையை இறுக்கிப் பிடிக்கும் வித்தை எல்லாவற்றையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். சர்க்யூட் பலகை செதுக்க, சின்ன முத்திரை, சாவிக்கொத்து வில்லை செய்ய இது தாராளம். தேக்கில் 5 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொன்னால் திணறும். 775 வகைச் சின்ன மோட்டாரும் மெல்லிய கம்பிகளும் அவ்வளவுக்குத்தான். இன்னொரு சங்கடம், கையில் இருப்பதில் பாதியாவது போய்விடும், இயந்திரமும் வளராது. மோட்டார், கன்ட்ரோலர், லீட் ஸ்க்ரூவைக் கழற்றி அடுத்த இயந்திரத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தனியாக வாங்கினால் இதைவிடக் குறைவாகவே ஆகும்.

இரண்டாவது, முப்பரிமாண அச்சில் உறுப்புகளை எடுத்துக் கட்டுவது. வி1 இன்ஜினியரிங் வெளியிட்ட 'மோஸ்ட்லி பிரின்டட் சிஎன்சி' இதில் பேர்போனது. இணைப்புகளை அச்சிட்டுக்கொண்டு நடுவே குழாய்களைச் செருகுவதுதான் அதன் அடிப்படை. 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலக் குழாய்க்கும் வடிவம் இருக்கிறது. நம் ஊர் கிரில் பட்டறையில் ஒரு அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் எளிதாகக் கிடைக்கும் என்பது நமக்குச் சாதகம். திரைச்சீலைக் கம்பி அதே விட்டம்தானே என்று அதை வாங்கிவிடாதீர்கள். சுவர் மிகவும் மெலிது, குறைந்தது 1.5 மி.மீ. கனம் கேளுங்கள். வீட்டில் அச்சு இயந்திரம் ஏற்கெனவே இருந்தால் இந்த வழி நிஜமாகவே மலிவு. இல்லாதவர், உறுப்புகளை வெளியே கொடுத்து அச்சிட்டால் மணிக்கணக்குக் கூலியில் மலிவெல்லாம் கரைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள், அச்சைப் படிப்படியாக நகர்த்தும், சூடேறிய ஸ்டெப்பர் மோட்டாரை அணைத்தபடி இருக்கும் பிஎல்ஏ தாங்கி மெல்லக் கோணும். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைத்துவைத்தால் சமாளிக்கலாம்.

மூன்றாவது பிளைவுட். எம்டிஎஃப்பைச் சுட்டுக்கொண்ட நான் இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம், ஆனால் பிளைவுட் வேறு. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை மழைக்காலத்தைத் தாங்கும். அதைத் தட்டையாகப் படுக்கவைக்காமல் பெட்டியாகக் கட்ட வேண்டும், இரண்டு பலகைக்கு நடுவே குறுக்குத் தட்டிகள் வைத்து, பசை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி. அப்படி மூடிய பெட்டி முறுக்கலை நன்றாக எதிர்க்கும், அதிர்வையும் விழுங்கும். வெல்டிங் தெரியாதவர், வட்ட ரம்பமும் ட்ரில்லும் மட்டும் வைத்திருப்பவர், வாடகை வீட்டு மாடியில் வேலை செய்பவர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சட்டத்துக்கு 4,000 ரூபாய்க்குள் முடியும். வெட்டிய ஓரங்களை வார்னிஷ் பூசி மூடாமல் விட்டுவிடாதீர்கள்.

நான்காவது அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன். பார்க்க அழகு, கட்டச் சுகம். அளவு சொன்னால் வெட்டியே தருகிறார்கள், எல்லாம் டி-நட்டில் நிற்கிறது, கோணம் தவறினால் தளர்த்தித் திருத்தலாம். ஓப்பன்பில்ட்ஸ் குழுவினர் பரப்பிய வி-ஸ்லாட் முறையில் சக்கரமே சட்டத்தின் காடியில் ஓடும், தனி ரெயில் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம். அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டப் பெரிய குறுக்குவெட்டு வேண்டும், 40×80 போல. அங்கே விலை ஏறிவிடும். மலிவாக முடிக்க 20×40 எடுத்தவர்களின் இயந்திரங்கள் என் முதல் இயந்திரம் போலவே நடுங்குகின்றன. சக்கரங்களும் ஒரே இடத்தில் நின்று நின்று தட்டையாகும், தூசி அப்பும், அடிக்கடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது இரும்புச் சதுரக் குழாய். என் இரண்டாவது இயந்திரம் இது.

இரும்பு பலருக்குப் பிடிக்காததற்குக் காரணம் வெல்டிங். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி, மூலைமட்டத்தில் பிடித்துவைத்த சட்டத்தையும் இழுத்துவிடும். கதவு செய்கிற ஃபேப்ரிகேஷன் கடைக்கு 2 மி.மீ. கோணல் ஒரு பொருட்டே இல்லை, நமக்கு அது உயிர்ப்பிரச்சினை. ஆகவே வெல்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதலில் எல்லா மூலையிலும் சின்னச் சின்னப் புள்ளி வைத்து, மூலைவிட்டம் அளந்து, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். எனக்குச் செய்துகொடுத்த அண்ணன், 'தம்பி, இது என்ன கேட்டா இல்ல ராக்கெட்டா?' என்று கேட்டுவிட்டு, அரைநாள் கூட உட்கார்ந்து பொறுமையாகச் செய்துகொடுத்தார். அப்படியும் 0.6 மி.மீ. கோணல் இருந்தது.

அதைச் சரிசெய்யத்தான் எபாக்ஸி, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின். ரெயில் உட்காரும் இரண்டு குழாய்களின் மேலும் ஓரத்தில் சின்னத் தடுப்புக் கட்டி, இரண்டையும் ஒரு குறுக்குக் கால்வாயால் இணைத்து, மெதுவாக இறுகும், நீர்போல ஓடும் எபாக்ஸியை ஊற்றினால் அது தானாகவே மட்டமாகும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. எபாக்ஸி வாங்கக் காசில்லை என்றால் பித்தளைத் தகட்டை வெட்டி ரெயிலுக்கு அடியில் ஷிம்மாக, அண்டை கொடுத்து வைக்கலாம். நேரம் போகும், வேலை நடக்கும்.

இரும்பிலும் ஆங்கிள், சேனல் வேண்டாம், மூடிய குழாய்தான். வெட்டும் விசை கேன்ட்ரிக்குக் கீழே தொங்கும் பிட்டின் நுனியில் விழுகிறது. அது கேன்ட்ரியை வளைப்பதைவிட முறுக்கத்தான் அதிகம் பார்க்கும். திறந்த சேனல் முறுக்கலுக்கு எளிதில் மசியும், மூடிய குழாய் மசியாது. குழாய் மணிபோல ஒலித்தால் உள்ளே காய்ந்த மணல் நிரப்பி மூடிவிடுங்கள்.

கேன்ட்ரி நகர்வதா, பெட் நகர்வதா

சதுர அடி கணக்கில் பார்ப்பவர்கள் எல்லோரும் நகரும் கேன்ட்ரியைத்தான் விரும்புவார்கள், பெட் எவ்வளவோ வேலைப்பரப்பும் அவ்வளவு என்பதால். ஆனால் நகரும் கேன்ட்ரிக்கு இரண்டு பக்கமும் மோட்டாரும் ஸ்க்ரூவும் வேண்டும். ஒரே ஸ்க்ரூவில் நடுவே இழுத்தால் ஒரு பக்கம் பின்தங்கிக் கோணலாகும். கேன்ட்ரியை அடிச்சட்டத்தோடு பற்றவைத்து, கீழே பெட்டை நகர்த்தினால்? ஒரு மோட்டாரும் அதற்கு மின்சாரம் செலுத்தும் டிரைவரும் ஒரு ஸ்க்ரூவும் மிச்சம். கேன்ட்ரி எவ்வளவு கனமாக இருந்தாலும் கவலையில்லை, அது அசையப்போவதில்லை. பதிலுக்கு, பெட்டின் ஓட்டத்துக்கு மேசையில் இரண்டு மடங்கு நீளம் விட வேண்டும். 400×450 மி.மீ. வேலைப்பரப்புக்கு இந்த விலை கொடுக்கலாம் என்பது என் முடிவு. 600 மி.மீ.க்கு மேல் போனால் நகரும் கேன்ட்ரிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

ரெயிலும் ஸ்க்ரூவும்

மேசை டிராயர் சேனலை ரெயிலாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியும். ஆங்கிளின் விளிம்பில் 608 பேரிங்குகளை ஓடவிடும் பழைய உத்தி அதைவிட எவ்வளவோ மேல். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் அதே 8×22×7 மி.மீ. பேரிங்தான் அது, சில்லறை விலையில் கிடைக்கும். வரவு மிகமிகக் குறைவென்றால் அதைச் செய்யலாம்.

ஆனால் 30,000 இருக்கும்போது நான் ரெயிலில் பிசுக்கமாட்டேன். தேர்வு எஸ்பிஆர்16, எச்ஜிஆர்15 என்ற இரண்டுக்கும் நடுவே. எஸ்பிஆர் என்பது அடியில் முழுநீளத்துக்கும் அலுமினியத் தாங்கி வைத்த உருட்டுக் கம்பி. எச்ஜிஆர் சதுரமான ரெயில், உள்ளே பந்துகள் காடியில் ஓடும். விறைப்பில் எச்ஜிஆர்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் அது உட்காரும் முகம் கொஞ்சம் கோணினாலும் அதன்மேல் ஓடும் பிளாக் இறுகிக்கொள்ளும். எஸ்பிஆர் சின்னக் கோணலைப் பொறுத்துக்கொண்டு ஓடும். மில்லிங் செய்யாத, வீட்டில் எபாக்ஸி ஊற்றிய சட்டத்துக்கு அந்தப் பொறுமை தேவை. பழைய இயந்திரங்களைப் பிரிக்கும் கடையில் நல்ல எச்ஜிஆர் கிடைத்தால் விடாதீர்கள், விலையில் பாதி மிச்சம். பிளாக்கை விரலால் நகர்த்திப் பார்த்து, கரகரவென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்க்ரூவில் மூன்று படி. ஹார்டுவேர் கடை திரெட் ராட், டி8 லீட் ஸ்க்ரூ, நட்டுக்குள் குண்டுகள் உருளும் எஸ்எஃப்யூ1605 பால் ஸ்க்ரூ. எம்8 திரெட் ராட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் நகர்த்தும். நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினாலும் 750 மி.மீ. வேகம். இந்த மெதுவே மரத்தை எரிக்கும். ஏன் என்று ஸ்பிண்டில் பகுதியில் சொல்கிறேன். பரவலாகக் கிடைக்கும் டி8 ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும், அதே 600 சுற்றில் 4,800 மி.மீ. 500 மி.மீ. நீளம் வரை டி8 நன்றாகவே உழைக்கும். ஒரு மீட்டர் என்றால் வேண்டாம், ஏறக்குறைய 580 சுற்றிலேயே கயிறு சுழற்றுவது போல நடுவில் துள்ளத் தொடங்கும். பால் ஸ்க்ரூவில் ஆட்டம் மிகக் குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் மூன்று அச்சுக்கும் வாங்கினால் நம் தொகையில் பெரும் பங்கு போய்விடும். டி8-இல் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் போட்டால் பெயர்ப்பலகை வேலைக்குப் போதும். பேரிங் தாங்கியின் துளைகளை மட்டும் பின்னால் பால் ஸ்க்ரூ தாங்கி உட்காரும்படி இடம்விட்டு வையுங்கள்.

பெல்ட்? லேசருக்கும் பேனாவுக்கும் அருமை. பிட்டுக்கு ரப்பர்போல இழுபடும். நீண்ட அச்சில் வேறு வழியில்லாதபோது மட்டும்.

மோட்டாரும் மூளையும்

இங்கேதான் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

நீமா 17 என்ற சிறிய அளவு மோட்டார் போதுமா, அதைவிடப் பெரிய நீமா 23 வேண்டுமா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். 4 கிலோ-செ.மீ. முறுக்குவிசையுள்ள நீமா 17 ஒன்று, டி8 ஸ்க்ரூவின் உராய்வையெல்லாம் கழித்த பிறகும், மெதுவாக ஓடும்போது 10 கிலோவுக்கு மேல் தள்ளும். 3 மி.மீ. பிட் மரத்தில் கேட்பது அதைவிடக் குறைவு. ஆகவே கையில் இருக்கும் 17-ஐ மாட்டித் தொடங்கலாம். ஆனால் சட்டத்தில் துளை போடும்போது 23-க்கான 57 மி.மீ. முகத்துக்குப் போட்டு, 17-ஐ ஒரு தட்டின் வழியாகப் பொருத்துங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் விலை வித்தியாசம் சில நூறுதான், 23 எடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற மின்னணுப் பலகையும் அதில் ஓடும் ஜிஆர்பிஎல்லும். 2009-இல் நார்வேக்காரர் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கி, பலர் வளர்த்துக்கொடுத்த இலவச நிரல் இது. அந்தச் சின்னப் பலகையால் நொடிக்கு 30,000 ஸ்டெப்கள் (மோட்டார் எடுத்துவைக்கும் சின்னச் சின்ன அசைவுகள்) அனுப்ப முடியும். டி8-ஐ எட்டில் ஒரு மைக்ரோஸ்டெப்பில் வைத்தால் மி.மீ.க்கு 200 ஸ்டெப், அதாவது நிமிடத்துக்கு 9,000 மி.மீ. நம் இயந்திரம் அதில் பாதி வேகம்கூடப் போகப்போவதில்லை. அதனால் மூளையை மாற்றி இயந்திரத்தை வேகமாக்கலாம் என்று காசு போடுவது வீண். வீட்டில் பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் தூங்கினால் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் நல்ல வழி, செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அதே வேலையைச் செய்யும் மாக்3 மென்பொருளின் உரிமம் காசு கொடுத்து வாங்க வேண்டியது, புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லை.

டிரைவரில் ஏ4988 வேண்டாம், நீமா 23-க்கு அது பற்றாது. டிபி6600 பெட்டிகளும் மின்சாரம் தரும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் அந்த நொடியே போய்விடும். எனக்கு அப்படி இரண்டு போயின. அச்சு ஓரத்தை எட்டியதும் நிறுத்தும் லிமிட் சுவிட்சின் ஒயரை ஸ்பிண்டில் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ரவுட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் அலாரம் அடித்து நிற்கும். ஒவ்வொரு சுவிட்ச் உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்ட பிறகுதான் என் இயந்திரம் அடங்கியது. சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவில் ஒரு மதியத்தில் இவை எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

ஸ்பிண்டில்

கை ட்ரில்லை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அதன் பேரிங் அச்சுவழி அழுத்தத்துக்கானது, பக்கவாட்டு இழுப்புக்கானது அல்ல. சக் தளர்ந்து பிட் பறக்கும். ஆங்கிள் கிரைண்டர் இன்னும் ஆபத்து.

மிஞ்சுவது மூன்று. 775 மோட்டார் பழகத்தான். தச்சர்கள் ஓரம் இழைக்கும் டிரிம் ரவுட்டர் 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பெட்டியோடு வரும் அசல் ஸ்பிண்டில் 1.5 கிலோவாட் என்றால் 18,000 ரூபாயைத் தாண்டும்.

டிரிம் ரவுட்டரில் எல்லோரும் அதிகபட்ச வேகத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைக் கடிக்கிறது என்பதுதான் எல்லாம். நிமிடத்துக்கு 30,000 சுற்று, இரண்டு பல், ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. கடி என்றால் இயந்திரம் 6,000 மி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். நம்முடையது 1,500-இல் ஓடினால் பல் கடிக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரம் கருகும், பிட் மழுங்கும், மழுங்கிய பிட் இன்னும் தேய்க்கும். வேகத்தை 12,000-க்கு இறக்கி ஒற்றைப் பல் பிட்டை மாட்டினால் 1,200 மி.மீ. வேகத்திலேயே 0.1 மி.மீ. கடி கிடைத்துவிடும். ஆகவே வேகத் திருகு உள்ள ரவுட்டரையே வாங்குங்கள். 30,000-க்கு மேல் ஒரே வேகத்தில் ஓடும் மாடல் 800 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் எடுத்தது, தேக்கில் போட்ட முதல் பெயர்ப்பலகையின் ஓரமெல்லாம் கருப்பாக்கிவிட்டது.

டிரிம் ரவுட்டரின் குறை சத்தம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பகலில் மட்டும் ஓட்டுங்கள். கார்பன் பிரஷ் தேயும், மாற்றுப் பிரஷ் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். விஎஃப்டி ஸ்பிண்டில் 12,000 சுற்றில் மின்விசிறி போல அமைதியாக ஓடும், காசு சேர்ந்ததும் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். அதன் வளையத் தாங்கி வேறு விட்டம், மேலும் கீழும் நகரும் இசட் அச்சின் தட்டில் இரண்டுக்குமான துளைகளை இப்போதே போட்டுவையுங்கள். விஎஃப்டி வந்தால் எர்த் கட்டாயம், பெயருக்கு இருக்கும் எர்த் அல்ல.

கணக்கு

இரும்பும் வெல்டிங்கும் எபாக்ஸியும் 5,000. ரெயில், பிளாக் 8,000. மூன்று லீட் ஸ்க்ரூ, நட், கப்ளிங், பேரிங் 3,500. மூன்று மோட்டார் 3,000. டிரைவர், எஸ்எம்பிஎஸ், ஊனோ 4,100. டிரிம் ரவுட்டர் 3,000. பிட், ஒயர், சுவிட்ச், கிளாம்ப் 2,500. கூட்டினால் 29,100. பாதிக்கும் மேல் அசையாத இரும்புக்கும் ரெயிலுக்கும் ஸ்க்ரூவுக்குமே போகிறது. இப்படித்தான் போக வேண்டும். மென்பொருளுக்கு ஒன்றும் இல்லை. இங்க்ஸ்கேப்பில் தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்து பாதையாக மாற்றி, எஃப்-என்கிரேவ் மென்பொருளில், வி வடிவ நுனியுள்ள வி-பிட்டுக்கான ஜி-கோடு எடுத்துவிடலாம். 'ணு', 'நூ' போன்ற எழுத்துகளின் உள்வளைவில் நேர் பிட் நுழையாது, 60 டிகிரி வி-பிட் நுழைந்து முனையைக் கூராகவே விடும். இரண்டு பிட் மட்டும் வாங்க முடிந்தால் ஒன்று இதுவாக இருக்கட்டும்.

கையில் 30,000 இல்லை, 15,000தான் என்றால் பிளைவுட் பெட்டிச் சட்டமும், ஆங்கிளில் ஓடும் 608 பேரிங்குகளும், டி8 ஸ்க்ரூவும், நீமா 17-உம். வேலைப்பரப்பு 300 மி.மீ.க்கு மேல் வேண்டாம். காசைவிட நேரம் குறைவானவருக்கு 3018. அச்சு இயந்திரம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அச்சிட்ட வழி. மற்ற எல்லோருக்கும் என் ஓட்டு இரும்புக்கு. அலுமினியத் தகட்டை வெட்டும் ஆசை இருப்பவருக்கும் இந்த ஐந்தில் இரும்புதான் நல்ல வழி. ஒற்றைப் பல் பிட், கால் மி.மீ. ஆழம், மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு என்று பொறுமையாக என்னுடையது வெட்டுகிறது.

கட்டி முடித்ததும் உடனே மரத்தில் இறக்காதீர்கள். ஸ்பிண்டில் முனையில் கொக்கித் தராசை மாட்டி 5 கிலோவுக்கு இழுத்து, எதிர்ப்பக்கம் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். டயல் கேஜ் லேத் பட்டறையில் இரவல் கிடைக்கும். என் முதல் இயந்திரம் 0.8 மி.மீ. நகர்ந்தது, இப்போதையது 0.08. பிறகு பிட்டுக்குப் பதில் பென்சிலை மாட்டி, 300 மி.மீ. சதுரம் ஒன்று வரையச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் இரண்டும் 424.3 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கேன்ட்ரி கோணல், போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ வந்தால் ஜிஆர்பிஎல்லில் மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்ணை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் ஸ்பிண்டிலையும் சேர்த்து நிறுத்தும் சிவப்புப் பொத்தான். இவை இருந்தால் முதல் துண்டு எம்டிஎஃப்பைப் பெட்டில் கட்டலாம்.